நிறை, நிறம், சாப்பாடு: எங்கள் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு எழுவான்கரைப் பாடசாலை ஒன்றில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறேன். மணி அடித்து வகுப்பு கலைந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வரும். புத்தகம் அடுக்குகிற மாதிரி நின்றுவிட்டு, மேசைக்குக் கிட்ட வந்து மெதுவாகக் கேட்பார்கள். கல்முனைப் பக்கம் படிப்பிக்கும் ஆசிரியைகளுக்கும், காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த குடும்பநல உத்தியோகத்தருக்கும் இதே கேள்விகள்தான் வருகின்றனவாம். ஆகவே பிள்ளைகள் கேட்ட மாதிரியே எழுதி, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கடைசியில் தாய்மார் கேட்டவையும் உண்டு.

டீச்சர், எனக்குப் பதினஞ்சு வயசு. எவ்வளவு நிறை இரிக்கணும்?

வயதுக்கு இத்தனை கிலோ என்று ஒரே கணக்கு கிடையாது. உயரம், பூப்படைந்த வயது, குடும்ப வாகு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். வைத்தியர்கள் பார்ப்பது உடற்திணிவுச் சுட்டியை. கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் அது வரும். 1.5 மீற்றர் உயரமும் 48 கிலோ நிறையும் உள்ள பிள்ளைக்கு 21.3.

இந்த எண்ணை வயதோடும் பாலோடும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரையானவர்களுக்காக 2007இல் வெளியிட்ட அட்டவணைப்படி, பதினைந்து வயதுப் பெண்பிள்ளைக்கு 21.3 இயல்பான அளவு. பத்து வயதுப் பிள்ளைக்கு அதே எண் கூடுதல். போனில் இருக்கும் கணிப்பான்களில் பல வயது வந்தவர்களுக்கானவை. அவற்றைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பட்டினி கிடக்கவும் வேண்டாம்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வருகிறார்கள் என்றால் அன்றைக்கு வீட்டில் நின்றுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நிறையை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசிப்பதுதான் காரணம். அந்தப் பழக்கத்தை ஆசிரியர்களாகிய நாங்கள்தான் நிறுத்த வேண்டும்.

பெரியபிள்ளையான பிறகு இடுப்பும் தொடையும் பெருத்திட்டு. நான் குண்டாகிட்டனா?

இல்லை. பூப்படையும் காலத்தில் பெண்பிள்ளைகளின் இடுப்பிலும் தொடையிலும் மார்பிலும் கொழுப்புச் சேர்வது ஹோர்மோன் செய்யும் வேலை. அந்தக் கொழுப்பு இல்லாவிட்டால் மாதவிடாயே ஒழுங்காக வராது. முதல் மாதவிடாய்க்குப் பிறகும் அநேகமான பிள்ளைகள் இன்னும் 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரை உயர்வார்கள். இந்த நேரத்தில் சாப்பாட்டைக் குறைத்தால் அந்த வளர்ச்சிக்குத்தான் அடி விழும்.

சாமத்தியச் சடங்கு நாட்களில் கொடுக்கும் உளுந்துக்களி, நல்லெண்ணெய், முட்டை பற்றியும் கேட்கிறார்கள். உளுந்தும் முட்டையும் நல்ல சாப்பாடுதான். முட்டையைப் பச்சையாகக் குடிக்கக் கொடுக்காமல் அவித்துக் கொடுங்கள். பிள்ளையை அறைக்குள் இருத்தி, நாள் முழுக்க எண்ணெயும் இனிப்பும் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்காத பகுதி.

நான் கட்டை. தொங்கினா, பவுடர் குடிச்சா உயருவனா?

மாட்டீர்கள். உயரத்தில் பெரும்பங்கு தாய் தகப்பனிடமிருந்து வருவது. மிச்சம் சாப்பாடு, நித்திரை, நோயில்லாமை. எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடிய பிறகு எந்த மாவும் உயர்த்தாது. பையன்கள் பொதுவாகப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் பிந்தித்தான் சடாரென்று வளர்வார்கள். ஒன்பதாம் வகுப்பில் கட்டையாக நிற்பவர் ஏ.எல். வகுப்பில் எல்லாரையும் தாண்டி நிற்கலாம்.

மெலியணும் எண்டு காலையில சாப்பிடாம வாறன். அது நல்லம்தானே?

காலைக் கூட்டத்தில் வெயிலுக்குள் நின்று மயங்கி விழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்து, "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் பதில் "பிளேன்டி" என்றுதான் வரும். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு பன்னிரண்டு மணித்தியாலம் வெறும் வயிறு. இடைவேளை மணி அடித்ததும் அதே பிள்ளை இரண்டு றோல்ஸும் ஒரு மிக்சர் பைக்கற்றும் வாங்கும். பசி தாங்காத நேரத்தில் யாரும் கீரை தேடுவதில்லை. கடைசியில் மிச்சம் பிடித்ததைவிடக் கூடவே உள்ளே போகும்.

காலையில் நேரமில்லை என்பது உண்மைதான். இரவே அவித்த கௌபி அல்லது கடலையோடு கொஞ்சம் தேங்காய்ப்பூ, பாணும் பருப்பும், பிட்டும் முட்டையும், பழஞ்சோறும் தயிரும் வெங்காயமும் எல்லாம் ஐந்து நிமிட வேலை. பழஞ்சோறு சாப்பிட்டதை வகுப்பில் சொல்ல வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமே இல்லை, அது பாதுகாப்பாக வைத்த சோறாக இருந்தால் சரி.

சோறு சாப்பிட்டா வண்டி வைக்குமாமே. சோத்த விடட்டா?

படுவான்கரையிலும் அம்பாறை வயல்களிலும் விளையும் நெல்லில் வாழும் ஊர்கள் எங்களுடையவை. சோற்றை விட வேண்டியதில்லை, கோப்பையைத்தான் திருத்த வேண்டும். எங்கள் மத்தியானக் கோப்பையைப் பாருங்கள்: நடுவில் குவித்த சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி கறி, கீரை என்றால் நுனிவிரலால் எடுக்கிற அளவு. இதை மாற்றி, கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ என்று வையுங்கள். வளரும் பிள்ளைக்குப் பசித்தால் இரண்டாம் தரமும் அதே பங்கில் எடுக்கலாம். தவிடு நீக்காத சிவப்பரிசி என்றால் இன்னும் நல்லது.

விலை கூடின மீன்தான் வேண்டும் என்பதும் இல்லை. நெத்தலி, சூடை, கீரி எல்லாம் மலிவு. நெத்தலியை முள்ளோடு சாப்பிடுவதால் கல்சியமும் கிடைக்கும். 9 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 1300 மில்லிகிராம் கல்சியம் தேவை என்பது வழமையான பரிந்துரை. எலும்பு அடர்த்தி பெரும்பாலும் இந்த வயதில்தான் கட்டப்படுகிறது. எருமைத் தயிர் எங்கள் ஊரின் பெருமை. பாணியை மட்டும் அளவாக ஊற்றுங்கள்.

வண்டிக்குச் சோற்றைவிடச் சோடாவைக் குற்றம் சொல்வேன். இலங்கையில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை என்றால் மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. 11 கிராம் உள்ள 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் குடித்தால் 44 கிராம் சீனி, கிட்டத்தட்ட பதினொரு தேக்கரண்டி. பிஸ்கட், மிக்சர் போன்றவற்றுக்கும் 2019 முதல் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் நிறக்குறி உண்டு. வாங்கும்போது ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

நல்லாத்தான் சாப்பிடுறன், ஆனா எந்நேரமும் களைப்பு. படி ஏறினா மூச்சு வாங்குது.

இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். மாதவிடாய் வரும் பிள்ளைகளுக்கு இது சாதாரணமாகக் காணப்படும் குறை. பையன்களுக்கு நாளுக்கு 11 மில்லிகிராம் போதும் என்றால் இவர்களுக்கு 15 தேவை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளிறியிருக்கும். "இப்ப நீ நல்லா வெளுத்திருக்கிறாய்" என்று பாராட்டு வாங்கிச் சந்தோஷப்பட்ட பிள்ளைக்கு இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் குறைவு என்று வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதை விடுங்கள். தேயிலையில் உள்ளவை இரும்பைக் குடல் உறிஞ்ச விடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். முருங்கை இலைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிட்டால், அல்லது பிறகு ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். பாடசாலையில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்துக் குளிசையை மதிலுக்கு அப்பால் எறிய வேண்டாம். அதைக் குடித்தால் மலம் கறுப்பாகப் போகலாம், அது பயப்படும் விடயம் இல்லை. குடித்தால் குண்டாவோம் என்பதும் பொய்.

என்ன கிறீம் பூசினா வெள்ளையாகலாம், டீச்சர்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நேராகவே சொல்கிறேன்: பிறந்த நிறத்தைப் பாதுகாப்பாக மாற்றும் கிறீம் உலகத்தில் கிடையாது. வெள்ளைக்காரருக்கும் எங்களுக்கும் தோலில் நிறம் உண்டாக்கும் கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். அவை உண்டாக்கும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறு. கடற்கரை வெயிலில் வாழ்கிற எங்களுக்கு அந்த மெலனின் தோலைக் காக்கிறது.

அப்படியென்றால் சில கிறீம் பூசிய பத்து நாளில் முகம் வெளுக்கிறதே? அவற்றில் பாதரசமோ கடும் ஸ்டீரொயிட்டோ இருக்க வாய்ப்புண்டு. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீரில் புரதம் போகும், முகமும் காலும் வீங்கும். தலையணை உறையிலும் துவாயிலும் ஒட்டி, பூசாத தம்பி தங்கச்சிக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கைப்படி பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகு கிறீம்கள் 2020க்குப் பிறகு தடை. 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த எந்த அழகுப் பொருளும் கூடாது என்று 2023இல் முடிவெடுத்தார்கள். இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. ஆனாலும் கடையிலும் போனிலும் விற்கிறார்கள், மத்திய கிழக்கிலிருந்து வரும் பொதிகளிலும் வருகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலே இல்லாத டப்பா, யார் செய்தது என்று போடாத டப்பா, ஒரு வாரத்தில் வெளுக்கும் என்று சொல்வது எல்லாம் சந்தேகத்துக்குரியவை. முக்கியமாக, தங்கம் வெள்ளி நகையில் படாமல் பூசுங்கள் என்று எழுதியிருந்தால் அது பாதரசத்தின் அடையாளம். நகைக்கே ஆகாததை முகத்துக்குப் பூசலாமா? அழகு நிலையங்களில் இரண்டு மூன்றைக் கலந்து சின்ன டப்பாவில் போட்டுத் தரும் "மிக்ஸ் கிறீம்" பக்கம் போகவே வேண்டாம்.

கொஞ்ச நாள் பூசினன். இப்ப விட்டா முகம் சிவந்து எரியுது, முன்னதவிடக் கறுக்குது. மறுகா பூசட்டா?

பூச வேண்டாம். இது பெரும்பாலும் ஸ்டீரொயிட் செய்யும் வேலை. பூசும்வரை பளபளப்பு. நாள் போகப் போகத் தோல் மெலிந்து நரம்பு தெரியும், பரு வரும், மெல்லிய முடி முளைக்கும். விட்டதும் எரியும். எரிகிறதே என்று திரும்பப் பூசினால் அதிலிருந்து வெளியே வரவே ஏலாது.

அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குப் போங்கள். ஏச்சு விழும் என்று மறைத்தால் வைத்தியருக்கு எதைக் கொண்டு தொடங்குவது என்று தெரியாது. பாதரச அடையாளம் ஏதாவது இருந்தால் (முந்தின பதிலைப் பாருங்கள்) சிறுநீர்ப் பரிசோதனையும் கேளுங்கள். முகம் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை வாசனையில்லாத சாதாரண ஈரப்பதக் கிறீமும், வெயிலுக்குக் குடையும் போதும்.

கழுத்துப் பின்பக்கம் கறுப்பா தடிச்சிரிக்கு. எவ்வளவு உரஞ்சிக் குளிச்சும் போகுதில்ல.

அது அழுக்கு இல்லை. கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி மாதிரித் தடித்துக் கறுப்பது, இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். பீர்க்கம் தும்பாலும் தேசிக்காயாலும் உரஞ்சினால் தோல்தான் புண்ணாகும். "குளிக்கிறதில்லையா?" என்று கேலி செய்யும் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டில் நீரிழிவு உள்ளவர்கள் இருந்தால் கட்டாயம் இரத்தச் சீனி பார்க்க வேண்டும். சோற்றுக் கேள்விக்குச் சொன்ன கோப்பையும், தினமும் ஒரு மணித்தியாலம் ஓடி ஆடுவதும்தான் முதல் மருந்து. நிறை கொஞ்சம் ஒழுங்குக்கு வர, கறுப்பும் மெல்ல மங்கும்.

இதோடு மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போவது, நாடியில் தடித்த முடி, விடாத பரு என்பனவும் சேர்ந்தால் சூலகம் சம்பந்தமான ஹோர்மோன் பிரச்சினையா என்று வைத்தியர் பார்ப்பார். பூப்படைந்த முதல் இரண்டு மூன்று வருடம் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

டீச்சர், பொடியன்மாருக்கு ஒண்டும் சொல்லல்லியே. ஜிம்முக்குப் போகலாமா? புரோட்டீன் பவுடர் குடிக்கலாமா?

சரியான கேள்வி. பையன்களை "எலும்பன்" என்று கூப்பிடுவதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, அவர்களும் அதை உள்ளே வைத்துக்கொண்டு திரிகிறார்கள். பழக்கித் தருபவர் பக்கத்தில் நின்றால், பாரம் குறைவாகத் தொடங்கினால், ஜிம் நல்லது. பாரம் தூக்கினால் உயரம் நிற்கும் என்பது உண்மையில்லை.

பவுடர் தேவையில்லை. 60 கிலோ பையனுக்கு நாளுக்கு ஏறத்தாழ 51 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டை, உள்ளங்கை அளவு மீன், ஒரு கப் பருப்பு, மூன்று நேரச் சோறோ பிட்டோ சேர்ந்தால் அது கிடைத்துவிடும். ஜிம்மில் யாராவது ஊசியோ குளிசையோ தந்தால் வாங்காதீர்கள். தசை பெருக்கவென்று போடும் ஸ்டீரொயிட் ஊசி விதையைச் சுருக்கும், வளர்ச்சித் தட்டை நேரத்தோடு மூடி உயரத்தையும் நிறுத்தும்.

சேட் கழட்ட வெட்கம். பொம்பிளைப் பிள்ளை மாதிரி நெஞ்சு பெருக்குது.

ஏறத்தாழ பாதிப் பையன்களுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் முலைக்காம்புக்குக் கீழே இப்படி ஒரு கட்டி வரும், தொட்டால் நோகும். ஹோர்மோன் ஏறி இறங்குவதால் வருவது. பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாக வற்றிவிடும். அதற்கு மேலும் நின்றால், அல்லது ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரி இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். களப்பில் குளிக்கப் போகாமல் கரையில் நிற்கும் பையனைப் பார்த்தால், அவனைக் கேலி பண்ணாமல் விடுங்கள்.

விரதம் பிடிச்சா, நோன்பு பிடிச்சா மெலியலாம்தானே?

கந்தசஷ்டியோ ரமழானோ, வணக்கத்துக்காகப் பிடிப்பது வேறு. சுகதேகியான பிள்ளை அதைத் தாங்கும். நோன்பு திறந்த பிறகு பேரீச்சம்பழமும் கஞ்சியும் நல்ல தொடக்கம்தான், பொரித்ததும் சர்பத்தும் அளவுமீறினால் மெலிவதற்குப் பதில் நிறை கூடும்.

நான் கவனிப்பது வேறொன்றை. வெள்ளிக்கிழமை விரதம் செவ்வாயும் ஆகி, பிறகு சனியும் ஆகி, "பிடிச்ச விரதத்தை விடக்கூடாது" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அது பக்திதானா என்று வீட்டில் பார்க்க வேண்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு. நிறை வேகமாக இறங்கும் பிள்ளையையும் நோயாளியாகத்தான் எடுக்க வேண்டும்.

சாப்பிட்டுட்டு விரல் விட்டுச் சத்தி எடுக்கிறன். யாருக்கும் தெரியாது. இது பிழையா?

பிழை சரி என்று பேச இதில் ஒன்றும் இல்லை. இது ஒரு நோயின் தொடக்கம், மருந்தும் பேச்சும் கொடுத்துச் சுகப்படுத்தலாம். அடிக்கடி சத்தி எடுத்தால் பல்லின் மேற்பூச்சு கரையும், கன்னத்துச் சுரப்பி வீங்கும். இரத்தத்தில் பொற்றாசியம் இறங்கினால் இதயத் துடிப்புக் குழம்பும், உயிருக்கே ஆபத்து. சாப்பிடாமல் கிடந்து மூன்று மாதம் மாதவிடாய் நின்றாலும் அதே அவசரம்தான்.

ஒரு பெரியவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். வீட்டில் ஏலாவிட்டால் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும், சிறுவர்களுக்கான 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு வந்தால் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

போன்ல வாற பிள்ளைகள் எல்லாம் வடிவா இரிக்குதுகள். நான் மட்டும் ஏன் இப்படி?

தோலை வழுவழுப்பாக்கி, நாடியைக் கூராக்கி, இரண்டு நிறம் வெளுப்பாக்கித்தான் அந்தப் படம் வருகிறது. தன் படத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பிள்ளையே தோற்றுப்போகும்.

பீஜித் தீவில் உடம்பு வைத்திருப்பதுதான் அழகு என்று நினைத்தவர்கள் வாழ்ந்தார்கள். அங்கே நட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பாடசாலைப் பெண்பிள்ளைகளிடம் கேட்டபோது, நிறை குறைக்கச் சத்தி எடுப்பவர் அந்த வருடம் ஒருவருமில்லை. 1998இல் நூற்றுக்கு 11.3 பேர். மூன்று வருடம் பெட்டியில் பார்த்ததற்கே இப்படி. உங்கள் போன் இராப்பகல் கையில் இருக்கிறது. உங்களை அழ வைக்கும் கணக்குகளைப் பின்தொடர்வதை நிறுத்துங்கள். அது கோழைத்தனம் இல்லை.

(ஒரு தாய்) நிறம் குறைஞ்ச பிள்ளை. நாளைக்குக் கலியாணம் பேசக்குள்ள என்ன செய்யிற? அவள்ட நன்மைக்குத்தானே கிறீம் வாங்கிக் குடுக்கிறன்?

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. வீடும் காணியும் கொடுத்தும் "நிறம் கொஞ்சம் குறைவு" என்று போன சம்பந்தங்கள் எல்லாருடைய குடும்பத்திலும் உண்டு. அந்தப் பேச்சைப் பேசுகிறவர்கள் நாங்கள்தான், அம்மா. பிள்ளை பிறந்த அன்றே "கறுப்பா, வெள்ளையா?" என்று கேட்பதும் நாங்கள்தான். நீங்கள் வாங்கிக் கொடுக்கும் கிறீம் என்ன செய்யும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதற்கு மேல், பெற்ற தாய்க்கே என் நிறம் பிடிக்கவில்லை என்ற எண்ணத்தையும் அது பிள்ளையிடம் கொடுக்கிறது.

சாமத்திய வீட்டில் ஒரு மாமி "என்னகா, இவ்வளவு கறுத்துப் பெருத்திட்டா?" என்று கேட்டால் சிரித்துச் சமாளிக்க வேண்டாம். "பிள்ளை நல்லாத்தான் இரிக்கிறா மாமி, வாங்க சாப்பிட" என்று பிள்ளைக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். சண்டை வராது.

(இன்னொரு தாய்) ஆனா டீச்சர், வைத்தியரே மகளுக்கு நிறை கூட எண்டவர். மனம் நோகாம எப்படிச் சொல்ற?

கஷ்டமான கேள்வி. மேலே எழுதியதெல்லாம் நிறையைப் பற்றிப் பேசவே கூடாது என்று அர்த்தமாகாது. வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் நிறையை இறக்கத் தேவையில்லை. அது கூடாமல் அப்படியே நின்று உயரம் கூடினாலே சுட்டி சரியாகிவிடும். எந்த வழி பொருந்தும் என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

அவளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு வைக்காதீர்கள். அண்ணனுக்குப் பொரித்த கோழி, இவளுக்கு அவித்த பயறு என்றால் இரவில் குசினிக்குள் ஒளித்துத்தான் சாப்பிடுவாள். கோப்பை மாறினால் வீட்டில் எல்லாருக்கும் மாறட்டும். சோடாவும் பிஸ்கட்டும் வாங்குவதையே குறையுங்கள், அப்போது ஒளிக்கவும் ஒன்றுமிருக்காது. பின்னேரத்தில் கல்லடிக் கடற்கரைக்கோ வயல் வீதிக்கோ சேர்ந்து நடவுங்கள். ரியூஷன் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வரும் பிள்ளைக்கு ஓடியாட நேரம் எங்கே என்றும் கொஞ்சம் யோசியுங்கள். வீட்டில் தராசு வைத்துத் தினமும் நிறுக்க வேண்டாம். நிறையைக் கிளினிக்கில் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே உங்களைவிட அவள் கூடப் பேசட்டும், நீங்கள் கொஞ்சம் வெளியே நின்றாலும் பரவாயில்லை.